குலுங்காமல் கொண்டு வாங்கோ

மீள்குடியேற்றத்துக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு தறப்பாள், கார் தூக்குகிற ஒரு ஜக், சாக்கில் கட்டிய கொஞ்சம் ஸ்பனர்கள். அவ்வளவுதான்.

இன்றைக்குப் பாப்பாமோட்டைக்கு வந்து பாருங்கள். பற்றை பிடித்துக் கிடந்த காணியை நானே வெட்டினேன். கராச் போட்டேன். கராச்சுக்குள் குழி வெட்டிச் சீமெந்து பூசினேன். எங்கள் பக்கத்தில் காருக்குக் கீழே ஒரு மனிதன் நிமிர்ந்து நின்று வேலை செய்யக்கூடிய ஒரே இடம் அதுதான். கிணற்றை இறைத்தேன். வீட்டுக்கு ஓடு போட்டேன். ஒரு கார் கட்டினேன்...

ஓம், கட்டினேன். உடல் செட்டிகுளத்தில் பற்றைக்குள் கிடந்தது. எஞ்சின் மதவாச்சியில் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. கதவுகளில் இரண்டு வெள்ளை, ஒன்று நீலம், மற்றதன் நிறத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஓட வைத்தவன், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதே ஆள்தான் கிழமைக்குக் கிழமை இந்தப் பத்தியையும் எழுதுகிறான். நீங்களும் வாசிக்கிறீர்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இவனுக்கு எதற்கும் பயமில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் – போன மாதம் என் தங்கச்சி பூமணியை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்வரை.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காரைத் தெரியாமல் அந்தப் பயம் உங்களுக்கு விளங்காது.

றோட்டில் பள்ளத்தைக் கண்டால் உலகத்தில் எந்த டிரைவரும் ஓரத்துக்கு வெட்டுவான். நாங்கள் வெட்டமாட்டோம். நேரே பள்ளத்துக்குள் இறக்குவோம். ஏன்? எங்கள் றோட்டின் ஓரத்தில் சிவப்புப் பலகை நிற்கிறது. பலகையில் மண்டையோடு. அதற்கு அந்தப் பக்கம் மிதிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை. பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் உடையும். ஸ்பிரிங் உடைந்தால் நான் இருக்கிறேன். ஓரத்தில் இறங்கினால்... அதற்கு மெக்கானிக் இல்லை.

இப்படி ஓடி ஓடிச் சின்னக் கார்களின் வயிறெல்லாம் கிழிந்தது. அப்போதுதான் நான் ஒரு வேலை கண்டுபிடித்தேன். பழைய லொறி ரயரைத் துண்டு துண்டாக வெட்டி, ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே செருகிவிடுவது. கார் நாலு விரல் உயரும். வயிறு தட்டாது. விடத்தல்தீவு தொடக்கம் வங்காலை வரைக்கும் ஓடுகிற சின்னக் கார் எதையாவது குனிந்து பாருங்கள். என் ரப்பர் தெரியும்.

ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. சுருங்க இடம் இருந்தால்தான் அது ஸ்பிரிங். இடையில் ரப்பரைச் செருகினால் பாதி ஸ்பிரிங் வேலைக்கு வராது. கார் கல்லாகிவிடும். பள்ளம் எவ்வளவோ, அவ்வளவும் நேரே முதுகுக்கு ஏறும். அந்த நாளில் முதுகைப் பற்றி யார் யோசித்தார்கள்? உயிரோடு திரும்பி வந்த முதுகுதானே, தாங்கட்டும் என்று விட்டோம்.

பூமணியின் முதுகு தாங்கக்கூடிய முதுகு இல்லை.

சண்டையின் கடைசி மாதங்களில் அவளுக்கு ஒரு செல் துண்டு பட்டது. முதுகெலும்புக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டது. இப்போதைக்கு எடுக்கவேண்டாம், இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று அன்றைக்கு டொக்டர்மார் சொன்னார்கள். அவளும் அதை உடம்புக்குள் வைத்துக்கொண்டு சமைத்தாள், வயல் பார்த்தாள், என்னோடு சண்டை பிடித்தாள். அது அசையாமல்தான் இருந்தது. பிறகு ஒருநாள் வவுனியாவுக்கு பஸ்ஸில் போய் வந்தாள். அடுத்த நாள் இடது கால் விறைத்தது.

மன்னாரில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியூரிலிருந்து வருகிற பெரிய டொக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பூமணியின் மகள் சுகந்திதான் பேசினாள். போனை வைத்தபோது அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

"துண்டு நகர்ந்திட்டுதாம் மாமா. நரம்பில முட்டுற மாதிரி நிக்குதாம். நாளைக்கே கொண்டுவந்து விடட்டாம், பெரிய டொக்டர் வந்து நிக்கிறாராம். ஆனா குலுங்காமல் கொண்டு வாங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னவை."

"குலுங்கினா?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய் பாயில் மறுபக்கம் திரும்பிக் கிடந்தாள். சுகந்தி சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். 'பிறகு நடக்கமாட்டா.'

"அம்புலன்ஸ் அனுப்பட்டோ எண்டும் கேட்டவை மாமா."

என் வாய் இருக்கிறதே... அது எனக்கு முன்னாலேயே பேசிவிடும்.

"அம்புலன்ஸ் என்னத்துக்கு? அந்த வானுக்குப் பின்னால லொறிக்குப் போடுற பட்டை ஸ்பிரிங். ஆளைத் தூக்கிப் போடும். என்ர கார் இருக்கேக்க அம்புலன்ஸோ?"

பாயிலிருந்து பூமணியின் சத்தம் வந்தது.

"அண்ணை, போன தரம் உன்ர காரில கோயிலுக்குப் போயிட்டு வந்து நான் புரண்டு படுக்கேல்லை."

"அது ரப்பர் போட்ட கார். நான் ரப்பரைக் கழட்டுறன்."

பூமணி தலையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"ஊருக்கெல்லாம் பூட்டிப்போட்டு எனக்காகக் கழட்டப்போறியோ? அப்ப எனக்கு வருத்தம் கடுமைதான்."

சிரித்தாள். சுகந்தி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கராச்சுக்கு நடந்து வரும்போதுதான் நான் சொன்னது எனக்கே விளங்கியது. அம்புலன்ஸில் போய் ஏதாவது நடந்தால் அது விதி. என் காரில் போய் நடந்தால்? அது என் பிழை.

இனி என் பல்லைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் மேல்வரிசை முழுக்கப் பொய்ப்பல். கொஞ்சம் தளர்வு. காருக்குள் இருக்கும்போது குலுக்கம் கூடினால் அது கீழ்வரிசையில் 'டக்' என்று அடிக்கும். படித்த எஞ்சினியர்மாருக்குக் குலுக்கத்தை அளக்க மெஷின் இருக்கிறதாம். எனக்குப் பல் போதும்.

ரப்பர்களைக் கழற்றினேன். ஸ்பிரிங் மூச்சு விட்டது. காரை ஓடிப் பார்த்தேன். பல் அடித்தது – வேறு மாதிரி அடித்தது. முன்பு ஒரே அடி. இப்போது ஒரு பள்ளத்துக்குத் தொடர்ந்து பல அடி. ஏன்? ஸ்பிரிங்கின் வேலை அமுங்கி எழும்புவது. போதும் நிறுத்து என்று சொல்வது அதன் வேலை இல்லை. அதைச் சொல்கிறவர் ஷொக் அப்சோபர். அவர் கிழவராகிவிட்டால் கார் பந்து மாதிரித் துள்ளும். என் கார் ஷொக்குகள் எண்ணெய் கக்கி எப்போதோ ஓய்வு பெற்றவை. எனக்காக ஒளித்து வைத்திருந்த நல்ல நாலு ஷொக்குகளைப் பூட்டினேன். ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கினேன். முன் சில்லு பள்ளத்தில் இறங்கும்போது பல் அடங்கியது.

பின் சில்லு இறங்கும்போது அடங்கவில்லை.

அங்கேதான் சின்னக் காரின் குணம் இருக்கிறது, கேளுங்கள். பின் ஸ்பிரிங் மூன்று பேரையும் அவர்களுடைய சாமானையும் தாங்குவதற்கென்று செய்தது. வெறுமையாக ஓடினால் அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், பள்ளம் வந்தால் எகிறும். பாரம் ஏறினால்தான் பணியும். பூமணியோ காய்ந்த முருங்கைக்கொப்பு. சுகந்தி அதில் பாதி.

"மண்மூட்டை ஏத்துவம் மாமா" என்றாள் சுகந்தி.

மூட்டை பிறேக் போட்டால் உருளும். அதுகூடப் பரவாயில்லை. மண்மூட்டையைக் கண்டால் பூமணிக்கு இன்னும் பங்கர் ஞாபகம் வரும். பிறகு அவள் பேசமாட்டாள்.

அப்போதுதான் கராச் வாசலில் ரெஜினாவின் சத்தம் கேட்டது. வங்காலையிலிருந்து மீன் கொண்டு வருகிறவர். நல்ல மனம், நல்ல குரல்... நல்ல உடம்பு. அவர் ஏறினால் ஓட்டோக்காரன் ஒருமுறை இறங்கி ரயரைப் பார்ப்பான்.

"ரெஜினா, நாளைக்கு எங்களோட மன்னாருக்கு வருவியளோ? பூமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்."

"ஐயோ, வாறன் அண்ணை. துணைக்கு ஆள் வேணும்தானே."

"துணைக்கில்லை. பாரத்துக்கு."

மீன்பெட்டியைக் கீழே வைத்தார். சேலையை இடுப்பில் செருகினார்.

"என்ன சொன்னனீங்கள்?"

விளக்கினேன். ஸ்பிரிங், ஷொக், பள்ளம், பூமணியின் முதுகு எல்லாவற்றையும் விளக்கினேன். மீன்களும் கேட்டுக்கொண்டு கிடந்தன.

"அப்ப நான் மண்மூட்டை."

"மண்மூட்டை உருளும். நீங்கள் உருளமாட்டியள்."

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு பூமணியின் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"வாறன். ஆனா என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதெண்டு வங்காலையில ஒரு குஞ்சுக்கும் நீங்கள் சொல்லக்கூடாது."

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை ரெஜினா. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

விடிந்ததும் பூமணியை ஏற்ற வந்தபோது முற்றத்தில் பாதி ஊர் நின்றது. பின் சீற்றில் தலையணை போட்டுப் படுக்கை விரித்து வைத்திருந்தார்கள். நான் தூக்கி எறிந்தேன்.

"நோயாளியைப் பின்னுக்கு நீட்டிக் கிடத்திறதுதானே முறை?" என்று ஒருவர்.

"முன்னுக்கு இருத்திப் போக இதென்ன கலியாணமோ?" என்று இன்னொருவர்.

சின்னக் காரில் பின் சீற் எங்கே இருக்கிறது? பின் சில்லுக்கு மேலே. சில்லு வாங்குகிற அடி நேரே அந்தச் சீற்றுக்குத்தான் வரும். இரண்டு சில்லுக்கும் நடுவில் இருக்கிறவர்தான் குறைவாக ஆடுவார். முன் சீற்றைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துவிட்டால் ஆள் கிட்டத்தட்ட நடுவில். இதைச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. பூமணி மட்டும், "அவன் சொல்லுற இடத்தில கிடத்துங்கோ. ஏதும் பிழை வந்தா அவனை ஏச வசதியா இருக்கும், பக்கத்திலதானே இருப்பான்" என்றாள்.

இடது முன் சீற்றில் அவள். வலது பக்கம் நானே பாரம் என்பதால், ரெஜினாவை இடது பின் சீற்றில் இருத்தினேன். அவருக்குப் பக்கத்தில் சுகந்தி. ரெஜினா ஏறியதும் பின்பக்கம் மெல்ல 'ம்ம்' என்று பணிந்தது. எனக்குக் கண் கலங்கியது. ஒருவரும் கவனிக்கவில்லை.

புறப்பட்டோம்.

பயம் என்றால் என்ன? செல்லடிக்குள் ஓடியபோது எனக்குப் பயம் தெரியவில்லை. ஓடத்தான் தெரிந்தது. இந்தப் பயணத்தில் ஓட முடியாது. நடக்கிற வேகத்தில் போகவேண்டும். ஒவ்வொரு கல்லையும் முதலில் கண்ணால் விழுங்கி, பிறகு சில்லால் விழுங்கவேண்டும். நீளமான காருக்கு ஒரு பள்ளம் இரண்டு தனித்தனி அடி. முன் சில்லு வாங்கி ஆறியபிறகுதான் பின் சில்லு வாங்கும். சின்னக் காருக்கு அப்படியில்லை. முன்பக்கம் எழும்பும்போதே பின்பக்கம் விழும். தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டும். அந்த ஆட்டம்தான் முதுகைத் தின்னும். அதற்கு ஒரே மருந்து மெதுவாகப் போவது.

நான் பூமணியைப் பார்க்கவில்லை. பல்லைத்தான் கவனித்தேன். பல் பேசாமல் இருந்தது.

"கால் எப்பிடி அம்மா?" பின்னாலிருந்து சுகந்தி அடிக்கடி கேட்டாள்.

"கிடக்கு."

"பெருவிரலை ஆட்டுங்கோ."

"ஆட்டுறன்."

"எனக்குத் தெரியேல்லை அம்மா."

"உனக்குத் தெரியிறதுக்கு நான் காலைத் தூக்கி உன்ர மடியில வைக்கோணுமோ?"

அவள் பேசுகிற வரைக்கும் எனக்கு மூச்சு வந்தது. அவள் வாயை மூடினால் இன்னும் மெதுவாக ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூமணி என்னை ஏசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று கடவுளைக் கேட்டேன்.

பெரிய றோட்டில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்தது. கிறவல் மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். றோட்டின் உயரம் கூடியதால் ஓரம் பள்ளமாகிவிட்டது. வலப் பக்கம் குவித்த கல்லுக் கும்பி. இடப் பக்கம் சிவப்புக் கட்டைகள், அவற்றுக்கிடையே கட்டிய நாடா. சில இடங்களில் ஆடுகள் இழுத்து அந்த நாடாவும் இல்லை.

ஒரு வளைவு. அதில் திரும்பும்போது எதிரே கல் ஏற்றிய டிப்பர் ஒன்று நடுறோட்டில் வந்தது.

என் கார் ரப்பர் போட்ட பழைய கார் என்றால் ஸ்ரியறிங்கைத் தட்டினால் உடனே கேட்கும். கல்லு மாதிரி இருக்கிற காருக்கு அது ஒரு நன்மை. மெத்தை மாதிரி ஆக்கிய காரோ, சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பும், திரும்பினால் சாயும். சொகுசு கூடினால் கையாளும் கெட்டித்தனம் குறையும். இரண்டையும் சேர்த்துத் தருகிற கார் பணக்காரருடையது. பிறேக்கை ஓங்கி மிதித்தால்? மூக்கு நிலத்தில் குத்தும், பூமணி முன்னுக்கு மடிவாள். குலுங்காமல் கொண்டு வாங்கோ.

மிதிக்கவில்லை. மெல்ல இடப் பக்கம் விட்டேன்.

டிப்பர் புழுதியோடு உரசிக்கொண்டு போனது. அதே நேரம் என் இடது சில்லுகள் கிறவல் விளிம்பைத் தாண்டி மெதுவாக, மிக மெதுவாக, மண்ணில் இறங்கின. கார் சாய்ந்தது. வயிறு விளிம்பில் போய் உட்கார்ந்தது. நின்றது.

புழுதி அடங்கியது. பிறகு பூமணி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். சத்தம் குறைவாகச் சொன்னாள்.

"அண்ணை. பலகை எனக்குப் பின்னால நிக்குது."

நான் குனிந்து பார்த்தேன். மண்டையோடு எங்களுக்குப் பின்னால்தான் நின்றது. நாங்கள் அந்தப் பக்கம். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அதைக் கடந்து உள்ளே வந்திருந்தோம். அதுவும் அவளுடைய பக்கம்.

ரெஜினாவின் கை கதவுப் பிடிக்குப் போனது.

"திறக்காதீங்கோ!"

என் குரல் எனக்கே தெரியவில்லை.

"நான் இறங்கினா கார் எழும்பும் அண்ணை..."

"காலைக் கீழ வைக்காதீங்கோ. ஒருத்தரும் காலைக் கீழ வைக்கக்கூடாது."

மிதிவெடிக்கு என்ன செய்யவேண்டும் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம் போட்டுக் காட்டினார்கள். நின்ற இடத்தில் நில். வந்த அடியிலேயே திரும்பிப் போ. நான் பின்வரிசையில் இருந்து பகிடி விட்டுக்கொண்டு பார்த்தேன். காரோடு இறங்கினால் என்ன செய்வது என்று அதில் காட்டவில்லை.

டிப்பர் கொஞ்சத் தூரத்தில் நின்றிருந்தது. டிரைவர், சிங்களப் பெடியன், குதித்து எங்களிடம் ஓடி வந்தான். ஓரத்தால் வந்தான்.

"எப்பா! மல்லி, எப்பா!" வேண்டாம் தம்பி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். பலகையைக் கண்டான். கால் அப்படியே நின்றது. பிறகு கிறவலின் நடுவுக்கு ஏறி, எங்களுக்கு நேர் பின்னால் போய், என் சில்லு வந்த தடத்தைக் குனிந்து பார்த்தான்.

வந்த தடத்திலேயே பின்னுக்குப் போகவேண்டும். அது சரி. ஆனால் வயிறு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. இழுத்தால் முன் சில்லு சுழலும். சுழன்றால் மண்ணைத் தோண்டும். தோண்டக்கூடாத மண்.

"அந்த ரப்பர் இருந்திருந்தா கார் வயிறு தட்டியிராது, என்ன?" என்றாள் பூமணி.

"உனக்காகத்தானே கழட்டினனான்!"

"நான் குறை சொல்லேல்லை. கேட்டனான்."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாள்.

"உன்ர பல்லை நிப்பாட்டு அண்ணை. எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கார் ஆடாமல் நின்றது. பல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். போட்ட கையோடு மூளையும் வேலை செய்தது. கார் சாய்ந்திருப்பது இடப் பக்கம். இடப் பக்கத்தில் இருக்கிற பெரிய பாரம் எது?

"ரெஜினா, வலப்பக்கம் நகருங்கோ. மெல்ல. சுகந்தி, நீ அவாவின்ர மடியில ஏறு."

"மாதாவே... மடு மாதாவே..." ரெஜினா நகர்ந்தார். சீற்றின் ஒவ்வொரு கம்பியும் கத்தியது. சுகந்தி அவர் மடியில் குழந்தை மாதிரி ஏறினாள். வலது பின் ஸ்பிரிங் அமுங்க அமுங்க, இடப் பக்கம் நெல்லுச் சாக்கை இறக்கிய வண்டில் மாதிரி மெல்ல நிமிர்ந்தது. வயிற்றுக்கும் விளிம்புக்கும் இடையில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு சத்தமில்லை. விட்டுவிட்டது!

ரப்பர் செருகிய ஸ்பிரிங் இப்படி அமுங்கியிருக்குமா? யாராவது சொல்லட்டும்.

றிவேர்ஸ் போட்டேன். கிளச்சை மயிரிழை மயிரிழையாக விட்டேன். பின் கண்ணாடியில் அந்தப் பெடியனின் கை தெரிந்தது. "ஹெமின்... ஹெமின்..." மெதுவாக, மெதுவாக என்று கை காற்றைத் தடவியது. கை வலப் பக்கம் போனால் வலப் பக்கம். கை நின்றால் நின்றேன். என் உயிர் அந்தக் கையில் இருந்தது. அவன் யார், எந்த ஊர்? இன்றுவரைக்கும் தெரியாது.

பூமணி பலகையையே பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, அவள் முகத்துக்கு நேராக, பலகை பின்னாலிருந்து முன்னுக்கு வந்தது. அவளைக் கடந்தது. கண்ணாடியைக் கடந்தது.

பின் சில்லு கிறவலில் ஏறியது. பிறகு முன் சில்லு.

ஒருவரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு வாயில் ஈரம் இல்லை. பெடியன் வந்து என் கார் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஓரம் தொடாமல், நடுறோட்டால் டிப்பருக்குத் திரும்பிப் போனான்.

"பெருவிரலை ஆட்டுங்கோ அம்மா" என்றாள் சுகந்தி. இன்னும் ரெஜினாவின் மடியில்தான் இருந்தாள்.

நான் பூமணியின் காலைப் பார்த்தேன். பெருவிரல் ஆடியது.

மன்னார்ப் பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. உயர்த்திய கார் என்றால் பாய்மரம் மாதிரி ஆடியிருக்கும். தாழ்ந்த கார் ஆடவில்லை. அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே திரும்பப் படம் எடுத்தார்கள். பெரிய டொக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் பல் இல்லாத வாயோடு நின்றேன்.

"துண்டு இருந்த இடத்திலேயே இருக்கு. கொஞ்சமும் அசையேல்லை. எப்பிடிக் கொண்டுவந்தனீங்கள்?"

நான் வாயைத் திறந்தேன். ஸ்பிரிங், ஷொக், நடுச் சீற் என்று எல்லாம் தொண்டைவரை வந்தது. பல்லைப் பையிலிருந்து எடுத்துப் பூட்டுவதற்குள் ரெஜினா சொல்லிவிட்டார்.

"மடு மாதா டொக்டர்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் ஒப்பரேஷன் அறைக் கதவு மூடியது. அதற்கு வெளியே நாங்கள் இருந்த நேரத்தைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் எழுத்துக் கோணும், அச்சுக்கோப்பவருக்கு விளங்காது. துண்டை ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். உழுந்து அளவு. அவ்வளவு சின்னதற்கா இவ்வளவு பெரிய மனிதன் பயந்தான்?

பயந்தேன். இன்னும் பயப்படுகிறேன். காருக்குக் கீழே எங்காவது 'டொக்' என்றால் என் கால் தானாகப் பெடலிலிருந்து எழும்புகிறது. போன கிழமை அந்த வளைவில் மிதிவெடி எடுக்கிறவர்கள் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது இருந்ததா? நான் நிறுத்திக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

பூமணி வீட்டுக்கு வந்துவிட்டாள். பொல்லை ஊன்றி அறைக்குள் நடக்கிறாள். பார்க்க வருகிறவர்களுக்குப் போத்தலைக் காட்டிக் கதை சொல்கிறாள். கதையில் பெரிய டொக்டர் வருகிறார். மாதா வருகிறா. ரெஜினா வருகிறார் – வங்காலையில் இப்போது அவருக்கு ஒரே மதிப்பு. டிப்பர்ப் பெடியனுக்கும் ஒரு கும்பிடு போடுகிறாள். நான் ஓரமாக நின்று கேட்டேன். என் ஸ்பிரிங் வரவில்லை. ஷொக் வரவில்லை. நான் வந்த ஒரே இடம், "அண்ணையின்ர பல்லு அடிச்ச சத்தத்தில எனக்கு வெடியே மறந்து போச்சு."

இதுதான் உலகம். கார் குலுக்கினால் மெக்கானிக்கைத் திட்டுவார்கள். குலுக்காவிட்டால்? பயணம் நன்றாக இருந்தது என்பார்கள். குலுங்காத பயணத்துக்கு யாராவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நான் விடப்போவதில்லை. பூமணி, இந்தப் பேப்பரைச் சுகந்தி உனக்கு வாசித்துக் காட்டுவாள். உன் வீட்டுக்கும் என் கராச்சுக்கும் இடையில் நாலு வீட்டு வளவுதான். ஒருநாள் வந்து, வேலைக்கு வந்து நிற்கிற ஆட்கள் எல்லோருக்கும் முன்னால், உன் வாயால் நீ சொல்லவேண்டும்: 'அது அண்ணையின்ர ஸ்பிரிங்.'

காரில் வராதே. நடந்து வா.